வயிற்றில் முளைத்த விதை

பேதியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். "எழுதறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா உனக்கு?" என்றார். எழுதச் சொன்னது எங்கள் கம்பெனி லைனில் வேலை பார்க்கும் பெண்கள். அவர்களில் பாதிப் பேர், ஷிப்டு நடுவில் பாத்ரூம் போக அனுமதி கேட்க வெட்கப்பட்டு, வயிற்று வலியை உதட்டைக் கடித்து மறைப்பவர்கள். நானும் அப்படி மறைத்துத்தான் சாவின் வாசல் வரைக்கும் போய் வந்தேன். அதனால் வெட்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துத் தரும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. வீடு வடக்குப்பட்டைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம். வீட்டுக்காரர் தேவராஜ் வெண்பன்றி வளர்க்கிறார். கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சும் சோறும் சாம்பாரும் டிரம் டிரம்மாக எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிடும். மாடியில் ஒரே அறை. அதில் முத்துலெட்சுமி வாடகைக்கு இருக்கிறாள். திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர்க்காரி. என் கம்பெனிதான், வேறு லைன்.

எல்லாம் ஒரு பல்லில் ஆரம்பித்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி, தாடை வீங்கி, பல்லைப் பிடுங்கினார்கள். சீழ் இருந்ததால் வீரியமான ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார் பல் டாக்டர். வேளை தவறாமல் போட்டேன். வீக்கம் வடிந்தது. அதே சமயம் கொட்டகையில் ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே பேதி. தாயிடம் முட்டி மோதிப் பால் குடிக்கத் தெம்பில்லை. விடுப்பில் வீட்டில் இருந்த நான், அதை மடியில் போட்டுக்கொண்டு பாட்டிலில் பால் கொடுத்தேன். ரப்பரைக் கவ்விக்கொண்டு, கண்ணை மூடி, பின்கால்களை உதைத்து உதைத்து அது குடிக்கும். அந்தச் சூடு மடியிலேயே தங்கியிருக்கும். பிறகு எழுந்து போய்க் கையைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சோறு வடிப்பேன்.

குட்டி பிழைக்கவில்லை. அது செத்த கொஞ்ச நாளில் எனக்கு வயிறு கலங்க ஆரம்பித்தது.

முதலில் சாதாரணப் பேதி என்றுதான் நினைத்தேன். வேலைக்குப் போனேன். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை முறைதான் கையைத் தூக்கி சூப்பர்வைசரைக் கூப்பிடுவது? மெடிக்கலில் சொல்லிப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டேன். பேதி நின்றது. ஆனால் வயிறு பானை போல உப்பிக் கல்லாக இறுகியது. காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் எல்லாமே தூரத்தில் நடப்பது போல ஆகிவிட்டது. கையிலிருந்த ஒயர்க் கட்டின் சிவப்பும் மஞ்சளும் நீலமும் தண்ணீருக்கு அடியில் ஆடும் பாசி மாதிரி மெல்ல அசைந்தன. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே விழுந்தது எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது கம்பெனி ஆம்புலன்ஸில் இருந்தேன். பக்கத்தில் முத்துலெட்சுமி.

"யக்கா, கண்ணைத் தொறங்க. ஒண்ணுமில்ல. அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன்" என்றாள். நான் என் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது. அழுகை வந்தது. அவள் தன் துப்பட்டாவை உருவி என் மேல் போர்த்தினாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாகக் கம்பெனிச் சீருடைகள். விரல் நசுங்கியவர், டெங்குவாக இருக்குமோ என்று வந்தவர், வாந்தியெடுக்கும் குழந்தையோடு ஒரு தாய். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கூரையில் ஓடும் டியூப் லைட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை ஓடை போல என்னைக் கடந்தது.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடல் சுவர் வீங்கித் தடித்திருக்கிறது என்றார்கள். வயிற்று டாக்டர் ஒரு இளம் பெண். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன மாதத்திலிருந்து என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று கேட்டார். பல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஏற்கெனவே எதிர்பார்த்தது போல. பிறகு தேவராஜைப் பார்த்தார்.

"வீட்ல ஆடு மாடு ஏதாச்சும் வளர்க்கறீங்களா?"

"பன்னி கீது டாக்டர். வெள்ளைப் பன்னி." அவர் குரல் தணிந்தது. பன்றி என்று சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மனுஷன்.

டாக்டரின் முகம் மாறவில்லை. "குட்டிங்களுக்குப் பேதி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். மல மாதிரியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் எங்கள் இருவருக்கும் விளக்கினார். கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில். சுருக்கமாக சி.டிஃப். "நம்ம குடல்ல கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க இருக்கு. நெருக்கமா நெல் நட்ட வயல் மாதிரி. அதுக்கு நடுவுல களை முளைக்க எடம் கெடைக்காது. ஆன்டிபயாடிக் போட்டா களையோட சேர்ந்து நெல்லும் செத்துடும். நிலம் வெறுமையா கெடக்கும். அப்ப இந்தக் கிருமியோட விதை உள்ள வந்தா, கேக்க ஆளில்லாம முளைச்சு, விஷத்தைக் கக்கும். அந்த விஷம்தான் குடலைப் புண்ணாக்குது. பேதி அந்த விஷத்தை வெளிய தள்ளுற வழி. நீங்க மாத்திரை போட்டு வழியை அடைச்சிட்டீங்க."

"விதை எங்கிருந்து வந்துச்சு டாக்டர்?" என்று தேவராஜ் கேட்டார்.

"எங்கிருந்து வேணா வரலாம். ஆஸ்பத்திரியில இருக்கும், மண்ணுல இருக்கும். பன்றிக்குட்டி, கன்னுக்குட்டி வயித்துல இருக்கும். கறியில, மண்ணோட வர்ற கிழங்குல, சரியா கழுவாத கீரையிலகூட இருக்கலாம். விதை ரொம்ப கெட்டி. சாதாரணச் சூட்டுக்கெல்லாம் சாகாது. சானிடைசருக்குச் சுத்தமா அசையாது. சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவினாத்தான் கையை விட்டுப் போகும்."

தேவராஜ் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். மற்ற நோயாளிகளுக்குப் பரவக் கூடாது என்பதற்காக. உள்ளே வருபவர்கள் மஞ்சள் அங்கியும் கையுறையும் போட வேண்டும். தேவராஜ் அந்த அங்கியில், சர்ச் பாடகர் குழுவில் இடம் தெரியாமல் வந்து நின்றவர் போல இருப்பார். மருந்துக்கு வான்கோமைசின் என்று பெயர். ஊசி போடுகிற மருந்துதான். ஆனால் ஊசியாகப் போட்டால் குடலுக்குப் போய்ச் சேராதாம். அதனால் சிஸ்டர் அந்தக் குப்பியை உடைத்து, தண்ணீரில் கரைத்து, சின்னக் கோப்பையில் கொண்டு வருவார். குடிக்க வேண்டும். கசப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த அறையின் பகல்களை என்னால் மறக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை. அதற்கு அப்பால் ஏரியின் ஒரு துண்டு. நீண்ட டிரெய்லர்கள் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும். கார்கள் மேல் வெள்ளை உறை. அரைத் தூக்கத்தில் பார்த்தால், தாயின் மடியில் வரிசையாக ஒட்டிக்கொண்ட குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய பன்றி மெதுவாக நடந்து போவது போலிருக்கும். அது எங்கே போகிறது என்று நான் கவலைப்படுவேன். மதிய வெயில் கண்ணாடி வழியாக வந்து என் வயிற்றின் மேல் படுக்கும். வயிற்றுக்குள் வயல் இருப்பதாக டாக்டர் சொன்னதால், அந்த வெயில் உள்ளே இறங்கி ஏதோ பச்சையாக முளைக்கும் என்று தோன்றும். நல்லதா கெட்டதா என்று தெரியாது. முளைப்பது மட்டும் தெரியும். பயமாக இருக்க வேண்டிய நினைப்பு. ஆனால் அந்த நேரத்தில் பயம்கூட வேறு யாருடையதோ போல, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

பயம் என்னுடையதானது ஒருநாள் காலையில். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் தேவராஜிடம் தணிந்த குரலில் பேசினார். கதவு முழுதாக மூடவில்லை. "குடல் இன்னும் வீங்கினா ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டியிருக்கும்" என்றது காதில் விழுந்தது. தேவராஜ் உள்ளே வந்து என் கால்மாட்டில் நின்றார். கையுறை போட்ட கையால் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"நல்லாயிடும்னாங்க."

"கேட்டுச்சுங்க எனக்கு."

அவர் பாதத்தை விடவில்லை. "கேட்டா இன்னா? நல்லாயிடும்" என்றார்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. வீக்கம் மெல்ல இறங்கியது. கஞ்சித் தண்ணீர், பிறகு இட்லி. வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு காலை, வாசல் பெருக்கக் குனிந்தபோது வயிற்றில் அந்தப் பழைய முறுக்கு. அந்த முறுக்கிலேயே தெரிந்துவிட்டது எனக்கு. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நோயின் குணம் அது. மருந்து களையைக் கொல்லும். ஆனால் விதை மண்ணுக்குள் படுத்திருக்கும். மருந்து நின்றதும் எழுந்துவிடும். மறுபடி மருந்து, மறுபடி நிறுத்தம், மறுபடி பேதி. சோற்றைப் பார்த்தாலே பயம். காய்ந்த ரொட்டியும் வெந்நீருமாக இருந்தேன். கேரட்டைக் கையில் எடுத்து, அதிலிருக்கும் மண் பொட்டை உற்றுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவேன். உடம்பு இளைத்து, வளையல் முழங்கை வரை ஏறியது.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டரே சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். அங்கே ஒரு வயதான டாக்டர், சுற்றி வளைக்காமல் சொன்னார். "வயல்ல நெல் இல்லாததுதான் பிரச்சனை. நெல் நட்டுடுவோம். நல்ல ஆரோக்கியமா இருக்கற ஒருத்தரோட மலத்தை எடுத்து, கரைச்சு, வடிகட்டி, டியூப் வழியா உங்க குடல்ல விடுவோம். அதுல இருக்கற நல்ல கிருமிங்க உங்களுக்குள்ள குடியேறும்."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை.

"என்னுது எடுத்துக்கோங்க டாக்டர்" என்றார் தேவராஜ் உடனே. ரத்தம் கொடுக்க முன்வருபவர் போல நெஞ்சை நிமிர்த்தி.

கொடுப்பவருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டும். செய்தார்கள். முடிவு வாங்கப் போன தேவராஜ் வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குள்ளயும் அது கீதாம் எஸ்தரு" என்றார். "எனக்கு ஒண்ணும் பண்ணலியாம். சும்மா குந்திகினு கீதாம். நான்தான் உனக்குக் குடுத்தேன்."

பிறகு குனிந்து அழுதார். திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே, இந்த மனுஷன் வயிற்றிலும் என் வயிற்றிலும் ஒரே பொருள் வாழ்கிறது என்று ஏதோ தூக்கத்தில் நினைப்பது போல நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டேன்.

டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நேரடியாகக் கேட்டேன். டாக்டர் சொன்னார்: "கால்நடை வளர்க்கற நிறைய பேர் வயித்துல இது சும்மா இருக்கும். உடம்பு நல்லா இருந்தா மருந்துகூட வேணாம். பன்றியிலேர்ந்து அவருக்கு வந்துச்சா, அவர்கிட்டேர்ந்து உங்களுக்கா, நேரா குட்டியிலேர்ந்து உங்களுக்கா, இல்ல ரெண்டு பேருக்கும் வேற எங்கேர்ந்தோவா, என்னால சொல்ல முடியாது. சொன்னா பொய் சொல்றேன்னு அர்த்தம். விதை எல்லார் மேலயும் விழுது. உங்க நிலம் அப்ப வெறுமையா இருந்துச்சு. அவ்வளவுதான்."

தேவராஜ் அதைக் கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

இனி யாரிடம் கேட்பது? ரத்தம் கேட்கலாம், கிட்னிகூடக் கேட்டுவிடலாம் போல. இதை எந்த வாயால் கேட்பது? என் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து, ஒவ்வொருவராகத் தள்ளினேன். வீட்டில் படுத்திருந்தபோது முத்துலெட்சுமி ஷிப்டு முடிந்து வந்து, கதவோரம் நின்றாள்.

"யக்கா, அண்ணன் எல்லாம் சொன்னாவ. நான் தாரேன்."

"உனக்கு இன்னான்னு தெரியுமா அது?"

"தெரியும். தெனமும் சும்மா தண்ணிய ஊத்தி விட்டுட்டு வாரதுதானே" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வயிறு வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஒரு விசயம் மட்டும் சொல்லுங்க. நான் என்ன சாதி, என்ன தின்னுதேன்னு உங்க வீட்டாளுக யாரும் பின்னால கேக்க மாட்டாவல்லா?"

"கேக்கறவன் வந்து அவனுது குடுக்கட்டும்" என்றேன்.

அவளுக்குப் பரிசோதனைகள் நடந்தன. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கொட்டகைப் பக்கம் அவள் வந்ததே இல்லை, பன்றி என்றால் பயம். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் சொன்ன நாளில் லீவு போட்டுவிட்டு என்னோடு சென்னைக்கு வந்தாள். காலையில் ஒரு டப்பாவை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்து, காலாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "பரீச்சை எழுதுனாப்புல இருக்குக்கா" என்றாள்.

எனக்கு மயக்க ஊசி போட்டார்கள். முழு மயக்கம் இல்லை, ஒரு மிதப்பு. ஏரியில் முதுகு கீழாகப் படுத்திருந்தேன். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. கரையில் யாரோ நாற்று நட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தார்கள். முகம் தெரியவில்லை. அவர்கள் விரல் ஒவ்வொரு முறை சேற்றில் இறங்கும்போதும் என் வயிற்றுக்குள் குளிர்ந்தது. பாதி வயல் நட்டுமுடிந்தபோது சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டி எழுப்பினார். முடிந்துவிட்டது என்றார்.

அதன் பிறகு பேதி வரவில்லை. வரும் வரும் என்று ஒவ்வொரு காலையும் காத்திருந்தேன். வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு மினி லாரி நின்றது. பன்றி வியாபாரி பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். தேவராஜ் எல்லாவற்றையும் விற்க ஏற்பாடு செய்திருந்தார், என்னிடம் சொல்லாமல்.

"ஒண்ணுகூட வேணாம். உன்னை விட இதுங்க எனக்குப் பெருசில்ல" என்றார்.

ஆட்டோவிலிருந்து இறங்கி வாசல் படியில் உட்கார்ந்தேன். கொட்டகைக்குள் தாய்ப்பன்றிகள் உறுமுவது கேட்டது. "அந்தக் குட்டிங்களுக்குப் பேதின்னா தீனியில இன்னா கலப்பீங்க?" என்று கேட்டேன்.

"மருந்து பவுடரு. கடைக்காரன் குடுக்கறது. பேதி வராம இருக்கவும் அதான்."

"ஆன்டிபயாடிக்கா?"

அவர் குனிந்தபடி தலையாட்டினார்.

"எனக்குப் பல்லுக்குக் குடுத்தாங்க. அதுங்களுக்குப் பேதிக்கு முன்னாடியும் பின்னாடியும் நீங்க குடுத்தீங்க. அதுங்க வயலும் வெறுமையாத்தானே கெடந்திருக்கும்? இதுல யார் யாருக்குக் குடுத்ததுன்னு எங்கேர்ந்துங்க எண்றது?"

அவர் லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கறிக்கு வளர்த்த பன்றிகளை மட்டும் ஏற்றி அனுப்பினார். தாய்ப்பன்றிகள் இருந்தன. மறுநாள் கால்நடை டாக்டரைப் போய்ப் பார்த்தார். பவுடர் நின்றது. நோய் வந்தால் மட்டும், டாக்டர் சொன்னால் மட்டும் மருந்து. குட்டிகளின் சாணத்தை உடனுக்குடன் அள்ளி, தூரத்தில் குழியில் போட்டார். கொட்டகைக்கு வெளியே ஒரு குழாய் போட்டார். பூட்ஸும் பழைய சட்டையும் அங்கேயே தொங்கும். சோப்பைக் கைமுட்டி வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். நான் இன்றுவரை கொட்டகைக்குள் போவதில்லை. ஜன்னல் வழியாகக் குட்டிகளைப் பார்ப்பேன். கை துறுதுறுக்கும். போவதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதோ, சாப்பிட்டு முடித்த வாரங்களிலோ பேதியானால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். எதற்கெடுத்தாலும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உடம்பு தேறி நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, முத்துலெட்சுமியின் அம்மா மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்தார். பேர் சண்முகத்தாய். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து கால் வீங்கியிருந்தது. பையில் கருப்பட்டியும் வாழை இலையில் சுற்றிய நெத்திலிக் கருவாடும். மகள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் போல. வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக என்னிடம் வந்து, கேட்காமல் கொள்ளாமல் தன் உள்ளங்கையை என் வயிற்றின் மேல் வைத்தார். சொரசொரப்பான கை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இப்பம் வலி இல்லியே தாயி?"

"இல்லம்மா."

"எம் மவளுக்கு நான் ஊட்டுன சோறும் கஞ்சியும்லா உள்ள கெடக்கு. அப்பம் நான் ஒனக்கும்தான் பொங்கிப் போட்டுருக்கேன்" என்றார்.

அன்று மதியம் எங்கள் சமையலறையில் அவர்தான் சமைத்தார். கருவாட்டுக் குழம்பு. நான் தட்டின் முன்னால் உட்கார்ந்து, முதல் பிடியை வாயில் வைத்தேன். காரம் கண்ணில் நீர் வரவைத்தது. எதிரில் தேவராஜ் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்துலெட்சுமியும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு காலியானது. "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டினேன்.